ஐஸ் பாஸ்கலின் தோள்

மரக்காணத்தில் பாஸ்கல் வீடு எது என்று கேட்டால், எந்தப் பாஸ்கல் என்று திருப்பிக் கேட்பார்கள். கோயில் மணி அடிக்கும் பாஸ்கல் ஒருவர், சைக்கிள் கடைப் பாஸ்கல் ஒருவர். ஐஸ் பாஸ்கல் என்று சொன்னால் மட்டும் கேள்வி இல்லாமல் கை உப்பளத்துப் பக்கம் நீளும். அவர் என் அக்கா ஞானமேரியின் புருஷன். செல்வி என்கிற எனக்கு மாமா. அம்மா போன பிறகு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போட்டு வளர்த்தவர். அவரைப் பற்றி ஊர் பேசிய பேச்சில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கடற்கரைக்கு இறால் பைத்தியம் பிடித்தது. அதுவரை குழம்புக்கும் கருவாட்டுக்கும் போய்க்கொண்டிருந்த இறாலைக் கப்பலேற்ற ஆட்கள் வந்தார்கள். குப்பத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, கலியமூர்த்தி என்று ஒரு ஏஜென்ட் உட்கார்ந்தான். இறாலுக்கு ஐஸ் வேண்டும். பாண்டிச்சேரி ஐஸ் பேக்டரியிலிருந்து லாரி வந்து பாளம் பாளமாக ஐஸ் பாரை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து குப்பத்துக்கு ரோடு கிடையாது. முதலில் உப்பளம், அப்புறம் கால்வாய், அப்புறம் மணல். உப்பளத்து வரப்பில் சைக்கிள் தட்டுத்தடுமாறிப் போகும். கால்வாய்க்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பாரைத் தோளில் ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அந்தப் பக்கம் மணலில் நடக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரம் பார்த்துவிட்டு ஓடினார்கள். மாமா மட்டும் ஓடவில்லை.

கத்திரி வெயிலில் உப்பளத்தில் நின்றவர்களுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். தலைக்கு மேலே அடிப்பது பாதிதான். கீழே பாத்தி பாத்தியாகக் கிடக்கும் உப்பிலிருந்து கிளம்பி முகத்தில் அடிப்பது மீதி. நிழல் என்று சொல்ல ஒரு முள்மரம்கூடக் கிடையாது. அந்த எரிச்சலில், இடது தோளில் ஐஸ். முன்பக்கம் வேர்வை கொட்டும், முதுகுப்பக்கம் பல் கிட்டும்.

"எல்லாருக்கும் வெயில் காலம் தனியா, பனிக்காலம் தனியா வருது. எனக்கு மட்டும் ஆண்டவர் ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துடுறாரு" என்பார். சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு கஷ்டப்பட்டுவிட்டு வந்து சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

வெயிலுக்கு அவர் சில வழிகள் வைத்திருந்தார். கிளம்பும்போது ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு, வெங்காயம் கடித்து. தலைத் துண்டை ஐஸ் மேல் போட்டு வைத்து, அது ஈரமானதும் தலையில் கட்டுவார், தலையில் காய்ந்ததும் மறுபடி ஐஸ் மேல் போடுவார். ஐஸ் தண்ணீர் ஒரு மடக்குக்கூடக் குடிக்க மாட்டார். "ஐஸ்காரனுக்குத் தொண்டை கட்டினா, யாருய்யா வரப்புல நிக்கிறது, வழி விடுன்னு எப்படிக் கத்துறது?" என்பார்.

மார்கழிதான் அவருக்கு உண்மையான எதிரி. கோடையில் தோளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்த அதே ஐஸ், பனி கொட்டும் காலையில் எலும்புக்குள் இறங்கும். ஈரச்சட்டையில் கடல்காற்று. கை விரல் சைக்கிள் பிரேக்கைப் பிடிக்காது. அக்கா அதிகாலையில் எழுந்து வள்ளிக்கிழங்கு அவித்து, சுடச்சுடத் துணியில் சுற்றி, அவர் வயிற்றோடு சேர்த்துக் கட்டி அனுப்புவாள். போகிற வழியெல்லாம் அது சூடு கொடுக்கும். போய்ச் சேர்ந்ததும் பிரித்துச் சாப்பிட்டுவிடுவார். "உங்கக்கா என்னை வயித்துப் புள்ளக்காரி மாதிரி அனுப்பி வைக்கிறா" என்று என்னிடம் குறை சொல்வார். ஒரு நாள் கிழங்கு இல்லை என்றால் முகம் சுண்டிப்போகும்.

அக்கா உப்பளத்தில் வேலை செய்தவள். உப்பு வாருவது, கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது. வீட்டில் மிஞ்சிய மீனை உப்புப் போட்டுக் கருவாடாக்குவதும் அவள்தான். ஒரு கோடையில் மாமா வந்து புலம்பினார். ஐஸைச் சுற்றிவைக்க மரத்தூள் கிடைக்கவில்லை, பார் கரைந்து பாதியாகிப் போகிறது, கலியமூர்த்தி முறைக்கிறான். அக்கா யோசித்தாள். மீன் கெடாமல் இருப்பது எதனால்? உப்பினால். இறைச்சி கெடாமல் இருப்பது? உப்பினால். அப்புறம் ஐஸ் மட்டும் என்ன, அதுவும் உப்பில் போட்டால் இருக்காதா?

"ரெண்டு கை உப்பை மேல தூவிட்டு, உப்பு சாக்குலயே சுத்திக் கட்டுங்க. பாருங்க, அப்படியே கல்லு மாதிரி நிக்கும்" என்றாள்.

உப்பளத்து ஊரில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருத்தருக்கும் அது தப்பாகப் படவில்லை. மாமா அன்று சாயங்காலம் வந்து அக்காவை வானளாவப் புகழ்ந்தார். "ஞானம், உன் வைத்தியம் வேலை செய்யுது. ஐஸ் முன்ன மாதிரி இல்ல, பயங்கர ஜில்லு. தோள்ல வச்சா தேள் கொட்டின மாதிரி இருக்குது." பார் இன்னும் வேகமாகக் கரைந்ததே, அதற்கு இருவரும் வெயிலைத் திட்டினார்கள். வெயில் பாவம், எது சொன்னாலும் கேட்டுக்கொள்ளும்.

அப்படியே அடுத்த பனிக்காலமும் போனது. மாமாவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அக்கா தினம் சாயங்காலம் மண்சட்டியில் கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, அந்த மூட்டையால் ஒத்தடம் கொடுப்பாள். இருவரும் பேசிக்கொள்ளும் நேரம் அதுதான். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

ஒரு நாள் மாமா, "இன்னா ஞானம், இன்னைக்கு உப்பை வறுக்கலையா? சூடே இல்லையே" என்றார்.

"வறுத்துதான் எடுத்தாந்தேன். உங்க தோலு எருமைத் தோலு" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி சட்டியில் போட்டு நன்றாக வறுத்துக் கொண்டுவந்தாள். அவர் ஆமாம் இப்போ பரவாயில்லை என்றார். காலையில் பார்த்தால் தோளில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். கொப்புளத்தைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, தடித்து, பழைய செருப்பு மாதிரி இருந்தது. அக்கா விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். கிள்ளினாள். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளுத்த தோல், உணர்ச்சி இல்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெருவியாதி. அந்த வார்த்தையைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், 'அது' என்பார்கள். 'அது' வந்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள், ஒரே குடத்தில் தண்ணீர் மொள்ள மாட்டார்கள்.

அன்று ராத்திரியே மாமா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். மாடு விற்று வருஷக்கணக்காகிறது, கொட்டகை சும்மாதான் கிடந்தது. தட்டு தனி, சொம்பு தனி. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சண்டை போட்டாள். பாயை இழுத்து வந்து உள்ளே போட்டாள். அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். "நீ நல்லா இருக்கணும் ஞானம், செல்விக்கு ஒரு கல்யாணம் ஆவணும். எங்கிட்ட வராத" என்றார். சிரிப்பு போய்விட்டது. போன பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்தது.

குப்பத்தில் ஐஸை இறக்கும்போது கலியமூர்த்தி தோளைப் பார்த்துவிட்டான். "பாஸ்கல், தப்பா நெனச்சுக்காத. சாப்பிடுற பொருளு. ஆஸ்பத்திரியில காட்டிட்டு, ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்கன்னா வா. அதுவரைக்கும் வேற ஆள் வச்சுக்கிறேன்" என்றான். அவனைக் குறை சொல்லக்கூடாது என்று மாமா சொல்வார். நான் குறைதான் சொல்வேன். அதைச் சொல்லும்போது கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னானே, அதற்காக.

பாண்டிச்சேரியைத் தாண்டி, சிஸ்டர்கள் நடத்தும் ஒரு தோல் ஆஸ்பத்திரி இருந்தது. எதற்காக அங்கே போகிறார்கள் என்று பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அக்கா தனியாக அவரை விடமாட்டேன் என்றாள். அக்காவைத் தனியாக விடமாட்டேன் என்று நானும் ஏறிக்கொண்டேன். மாமா எங்களுக்கு முன்னால் ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்து வந்தார்.

டாக்டர் வயதானவர். ரெண்டு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, எது சூடு, எது குளிர் என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலீங்க" என்றார் மாமா.

டாக்டர் விடவில்லை. தோளைச் சுற்றி, கழுத்தில், கையில், காலில் எல்லாம் வைத்துப் பார்த்தார். அங்கெல்லாம் மாமா சரியாகச் சொன்னார். முழங்கைக்குப் பின்னால், கழுத்து ஓரத்தில் நரம்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "என்ன வேலை செய்றீங்க?"

"ஐஸ் தூக்குறேங்க. இந்தத் தோள்லதான்."

"எதுல சுத்தித் தூக்குறீங்க?"

"உப்பு சாக்குலங்க. மேல உப்பு தூவி."

டாக்டர் குழாயைக் கீழே வைத்தார். "இந்த யோசனை யாரு சொன்னது?"

மாமா கூரையைப் பார்த்தார். அக்காதான் தலை நிமிர்த்திச் சொன்னாள், "நான்தாங்க."

டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார்கள். "ஐஸ்ல உப்பைப் போட்டா இன்னும் பத்து மடங்கு ஜில்லாகும்மா. ஐஸும் சீக்கிரம் கரையும். குல்பி ஐஸ்காரன் பானைக்குள்ள எதுக்கு உப்பு போடுறான்? இதுக்குத்தான். உங்க வீட்டுக்காரர் தோள் வெந்து போயிருக்குது. நெருப்புல இல்ல, குளிர்ல. இது அந்த வியாதி இல்ல. சாக்கை மாத்துங்க, கொஞ்ச நாள்ல தோலும் மாறும், உணர்ச்சியும் வரும்."

மாமா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அக்கா பக்கம் திரும்பி, "கொலைகாரி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான். நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் மருந்து எழுதப் போனவர், கொப்புளத்தைப் பார்த்து நிறுத்தினார். "இது என்ன, இது சூட்டுக்கொப்புளமாச்சே?"

"ஒத்தடம் குடுத்தேங்க" என்றாள் அக்கா. "உப்பை வறுத்து, துணியில கட்டி. அவருக்குத்தான் தெரியலையே, அதான் சூடு ஜாஸ்தியாயிடுச்சு."

"மூட்டையை யாரு பிடிச்சா?"

"நான்தாங்க."

"கையில வேற துணி ஏதாவது சுத்திக்கிட்டியாம்மா?"

"இல்லீங்க, வெறுங்கையிலதான்."

"உன் கை சுடலையா?"

"சுடலையே" என்றாள் அக்கா. அதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள், உப்பளத்துக் கை என்று.

டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அந்தக் கையைக் காட்டும்மா" என்றார்.

வலது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கம், காய்ந்துபோன ஒரு சூட்டுக்காயம் இருந்தது. அவளே அதைப் பார்த்திருக்கவில்லை. முழங்கைக்குக் கீழே லேசாக வெளுத்த ஒரு தேமல். உப்புத் தண்ணீரில் வேலை செய்கிறவர்கள் உடம்பில் அப்படி ஆயிரம் இருக்கும், யார் பார்த்தார்கள்? டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு குழாயை வைத்தார். இன்னொரு குழாயை வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டே. அவளுக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்கும் புரிந்துவிட்டது.

டாக்டர் நல்ல மனுஷர். பொறுமையாகச் சொன்னார். ஆரம்பம்தான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் போய்விடும், ஆனால் சில வருஷம் சாப்பிட வேண்டும், மாதா மாதம் வர வேண்டும். இந்த வகை யாருக்கும் ஒட்டாது, பயப்படாமல் ஒன்றாகவே இருக்கலாம். கையில் போன உணர்ச்சி மட்டும் திரும்பும் என்று சொல்ல முடியாது, சூடு படாமல், வெட்டுப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னையும் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமா அக்காவை ஒட்டி உட்கார்ந்தார். அவள் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். ஜன்னல் வந்ததும் அவளுக்கு நகர இடம் இல்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்குன்னு தெரிஞ்சா செல்வியை யாருங்க கட்டுவா? கூடப்பொறந்தவ ரத்தம்னு சொல்ல மாட்டாங்களா?"

வானூரிலிருந்து எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவளுக்குத் தன் கையைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை. என்னைப் பற்றித்தான் தோன்றியது. மாமா மாத்திரைப் பொட்டலத்தை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மரக்காணத்தில் இறங்கினால், டீக்கடையில் கலியமூர்த்தி. அவனோடு நாலைந்து பேர்.

"ஏம்பா பாஸ்கல், இன்னா சொன்னாங்க?"

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். அது சத்தியமான உண்மை. நாளைக்கே ஐஸ் தூக்கப் போகலாம். ஆனால் மாதா மாதம் அந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவது யார், மாத்திரை சாப்பிடுவது யார் என்ற கேள்வி அடுத்த மாதமே வரும். மாமா சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி காட்டினார்.

"அதேதாம்பா. மாத்திரை குடுத்திருக்காங்க. ஞானம்தான் கூட வந்து பார்த்துக்கணுமாம்" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். என்னையும் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். வாசலைத் தாண்டியதும் அக்கா அவர் காலில் விழுந்து அழுதாள். அவர் அவளைத் தூக்கி, "எழுந்திரு, எழுந்திரு. கொட்டகையில கொசு தாங்கல, பாயை உள்ள போடணும்" என்றார்.

ஐஸ் வேலை போனது. ஐஸ் இல்லாமலும் ஊரில் அவருக்கு ஐஸ் பாஸ்கல் என்றுதான் பேர், கூடவே இன்னொரு பேரும் சேர்ந்துகொண்டது, அதை நான் எழுத மாட்டேன். ஐஸ் கொண்டுவரும் லாரி டிரைவர் சுப்ராயன்தான் ஒரு வழி சொன்னார். ஐஸ் பேக்டரித் தொட்டியில் உப்புத்தண்ணீர் நிரப்பித்தான் ஐஸை உறைய வைக்கிறார்களாம், அதற்கு மூட்டை மூட்டையாக உப்பு வேண்டுமாம், லாரி திரும்பும்போது காலியாகத்தானே போகிறது. "அது யாரும் வாயில வைக்கிற உப்பு இல்லண்ணே. எவன் தொட்டா இன்னா?" என்றார். அதைக் கேட்டு மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கக்கா கண்டுபிடிச்சதை அவன் பேக்டரியே வச்சு நடத்துறான் பார்" என்றார் என்னிடம்.

அதிலிருந்து உப்பளத்து வரப்பில் உப்பு மூட்டையோடு ரோட்டுக்கு வருவது அவர் வேலை. அதே வெயில்தான். தோளில் குளிர் இல்லாததால் இப்போது முழு வெயில். முதல் கோடையில் ரெண்டு முறை மயங்கி விழுந்தார். கூழ் ரெண்டு சொம்பானது. தலைத்துண்டை நனைக்க ஐஸ் இல்லை, கால்வாய்த் தண்ணீரில் நனைத்தால் கண்ணில் உப்பு வழியும். மார்கழியில் மட்டும் நிம்மதி என்றார். அப்போதும் வள்ளிக்கிழங்கு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு ஒரு புது வேலையும் சேர்ந்தது. அக்கா அடுப்பங்கரையில் எதைத் தொடப்போனாலும் அவர் கை முதலில் போகும். சட்டி, கரண்டி, டம்ளர், கஞ்சிப் பானை. தொட்டுப் பார்த்து, "சுடுது, விடு" என்பார், இல்லையென்றால் "எடு" என்பார். அவள் கைக்கு வராத சூட்டையெல்லாம் அவர் கை வாங்கிக்கொண்டது. அவர் விரல் நுனியெல்லாம் எப்போதும் சிவந்திருக்கும்.

ஊர்ப் பெண்கள் அக்காவைக் கொண்டாடினார்கள். இந்த வியாதிக்காரனை விட்டுப் போகாமல் மாத்திரைக்கு அழைத்துப் போகிறாளே, புண்ணியவதி என்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கையைத்தான். அக்கா வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொள்வாள். "சொல்லிடுறேங்க. எனக்கு இந்தப் புகழ்ச்சி வேணாம்." மாமா ஒரே பதில் வைத்திருந்தார். "செல்வி கல்யாணம் ஆவட்டும்."

வானூர்க்காரர்கள் விசாரித்தார்கள். மாப்பிள்ளை பேர் அருள்பிரகாசம், தாலுக்கா ஆபீசில் பியூன். அவருடைய சித்தப்பாதான் முன்னால் நின்று பேசினார். "மாமன்காரன் வேற ரத்தம். பொண்ணு மேல ஒண்ணும் இல்ல" என்றார். ஒரு நிபந்தனை மட்டும். விருந்துப் பந்தலுக்குள் அந்த ஆள் வரக்கூடாது. எனக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணமே வேண்டாம் என்றேன். மாமா நான் முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டார். "பந்தலுக்கு வெளியதான் காத்து நல்லா வரும்மா" என்றார் என்னிடம்.

கல்யாணத்தன்று கோயிலில் அவர் கடைசியில், கதவோரம் நின்றார். என்னை வளர்த்த மனுஷர். விருந்து சமயத்தில் பந்தலுக்கு வெளியே, ஒரு பூவரச மரத்தடியில் தன் இலையோடு உட்கார்ந்திருந்தார். நானும் மாப்பிள்ளையும் பந்தலில் முதல் வரிசை. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி அவளை நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "இவ மாதிரி ஒரு பொம்பள உண்டா? எல்லாரும் பார்த்துக் கத்துக்குங்க" என்றாள். அக்கா முகம் செத்துப்போனது. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று அடுப்பங்கரைப் பக்கம் ஓடி, அப்போதுதான் இறக்கிய கறிக்குழம்புக் குண்டானைத் துணி இல்லாமல், வலது கையை அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஞானம்! சுடுது!"

மரத்தடியிலிருந்து மாமா பந்தலுக்குள் பாய்ந்து வந்தார். இலைகளுக்கு நடுவே ஓடி, குண்டானை அவள் கையிலிருந்து பிடுங்கினார். சூடு தாங்காமல் அவர் முகம் கோணியது, ஆனாலும் கீழே போடவில்லை, மெதுவாகத் தரையில் வைத்தார். அக்கா தன் கையைப் பார்த்தாள். தோல் வழன்றிருந்தது. சட்டென்று முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

பந்தல் முழுக்க எழுந்துவிட்டது. வியாதிக்காரன் உள்ளே வந்துவிட்டான், குழம்பைத் தொட்டுவிட்டான். சித்தப்பா கத்தினார். "யோவ், உள்ள வராதன்னு சொல்லித்தானே வச்சோம்? அந்தக் குழம்பைக் கொண்டுபோய்க் கொட்டுங்கடா!" மாமா கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க, புத்தி கெட்டுப்போச்சு, நானே கொட்டிடுறேன்" என்றார். எல்லாரும் அவரையே திட்டிக்கொண்டிருந்ததால் அக்காவை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதில் அவருக்கு நிம்மதி. எனக்குத் தெரிந்தது, அவர் கண்ணிலேயே தெரிந்தது.

ஒருத்தர் மட்டும் பார்த்திருந்தார். மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, அடிக்குரலில் கேட்டார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா கை வெந்துபோச்சு. அவங்க கத்தவே இல்லையே. ஓடி வந்த அவருக்குத்தான் சுட்டுச்சு. அப்போ மாத்திரை யாருக்கு?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாமா அத்தனை நாள் காப்பாற்றியது என் வாயில் வந்து நின்றது. நல்லதோ கெட்டதோ, வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப்போகிற ஆளிடம் என் முதல் பேச்சு பொய்யாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அக்காவுக்கு" என்றேன். "அவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான்."

அவர் எழுந்தார். மாலையைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு, பந்தலைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தக் குழம்பைக் கொட்ட வேணாம். இங்க கொண்டாங்க. எனக்கு வேணும்."

"டேய், அவன் தொட்டதுடா" என்றார் சித்தப்பா.

"பார்த்தேன் சித்தப்பா." அவர் மாமா பக்கம் திரும்பினார். "மாமா, நீங்களே வந்து ஊத்துங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். நான் சொல்லிவிட்டேன் என்பதும், அதைக் கேட்டுவிட்டும் இந்தப் பையன் நிற்கிறான் என்பதும் அவருக்கு விளங்கியது. குண்டானைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவே நடந்து வந்து, எங்கள் இலையில் குழம்பு ஊற்றினார். மாப்பிள்ளை உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். மாமா கரண்டியைப் பிடித்தபடி எங்கள் முன்னால் நின்று, குழந்தை மாதிரி அழுதார்.